செங்குத்தாக இறங்கும் வானூர்திகளுக்கு ரேடார் பிரதிபலிப்பான் வழிகாட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெலிகாப்டர், பல சுழலிகள் கொண்ட மின் வானூர்தி, பெரிய டிரோன் ஆகியவை கடைசி நூறு மீட்டரில் தமது இறங்குதளத்தை எப்படித் துல்லியமாகக் கண்டுகொள்வது என்பதற்கான விடைகளில் ஒன்று, தளத்தைச் சுற்றி ரேடார் பிரதிபலிப்பான்களை வைப்பது. இந்த முறையைப் பற்றிப் பொறியியல் மாணவர்களும் ஆர்வலர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்பட்டுள்ளது.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது?

வானூர்தியின் அடிப்பகுதியிலோ மூக்கிலோ ஒரு சிறிய ரேடார் பொருத்தப்படுகிறது. தளத்தைச் சுற்றி, முன்பே அளந்து குறித்த இடங்களில், மின்சாரம் எதுவும் தேவைப்படாத உலோகப் பிரதிபலிப்பான்கள் வைக்கப்படுகின்றன. ரேடார் அனுப்பும் அலை அவற்றில் பட்டு வலுவான எதிரொலியாகத் திரும்புகிறது. அந்த எதிரொலிகளின் தூரத்தையும் திசையையும் தளத்தின் வரைபடத்தோடு ஒப்பிட்டு, தளத்தின் மையத்திலிருந்து தான் எவ்வளவு விலகி, எந்த உயரத்தில், எந்தப் பக்கம் நோக்கி நிற்கிறோம் என்பதை வானூர்தியின் கணினி கணிக்கிறது. மின்னணுக் கருவி முழுவதும் வானூர்தியில் இருப்பதும், தரையில் வளைத்த உலோகத் தகடுகள் மட்டும் இருப்பதும்தான் இந்த ஏற்பாட்டின் தனிச்சிறப்பு.

ஜிபிஎஸ் இருக்கும்போது இது எதற்கு?

திறந்த வெளியில், திருத்தத் தரவுகளோடு இயங்கும் செயற்கைக்கோள் வழிகாட்டல் சில சென்டிமீட்டர் துல்லியம் தரும் என்பது உண்மை. ஆனால் மின் வானூர்திகளுக்கான தளங்கள் பெரும்பாலும் நகரக் கட்டடங்களின் கூரைகளிலோ அவற்றுக்கு நடுவிலோதான் அமையப்போகின்றன. அங்கே வானத்தின் ஒரு பகுதி மறைக்கப்படுகிறது. கண்ணாடிச் சுவர்களில் பட்டுத் திரும்பும் சைகைகள் தூரக் கணக்கைப் பிழையாக்குகின்றன. செயற்கைக்கோள் சைகை பூமிக்கு வரும்போது மிகவும் நலிந்திருப்பதால், விலை மலிவான கருவியைக் கொண்டே அதைக் குலைத்துவிட முடியும். பயணிகளை ஏற்றிச் செல்லும் ஊர்தி ஒரே ஒரு மூலத்தை நம்பி இறங்குவதை எந்த விமானப் பாதுகாப்பு அமைப்பும் எளிதில் ஏற்காது. ஆகவே செயற்கைக்கோளை அகற்றிவிட்டு ரேடாரை வைப்பது இங்கே நோக்கமன்று. முற்றிலும் வேறு காரணங்களால் பிழைபடக்கூடிய இரண்டாவது மூலம் ஒன்றைச் சேர்ப்பதே நோக்கம்.

கேமராவே போதாதா?

நல்ல வெளிச்சத்தில் போதும். ஆனால் வறண்ட மண்ணில் இறங்கும் ஹெலிகாப்டர், தன் சுழலி கிளப்பும் புழுதியிலேயே தரையைக் காண முடியாமல் போவது ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் பல விபத்துகளுக்குக் காரணமாயிற்று. புழுதித் துகளின் அளவு பொதுவாக மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். 77 ஜிகாஹெர்ட்ஸ் ரேடாரின் அலைநீளமோ ஏறத்தாழ 3.9 மில்லிமீட்டர். அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்கள் அந்த அலையை அதிகம் சிதறடிப்பதில்லை. கேமராவும் லேசரும் பயன்படுத்தும் ஒளி அலைகளோ அதே துகள்களில் சிதறிப் போகின்றன. மூடுபனியிலும் இதே கதைதான்.

பிரதிபலிப்பான் என்றால் தட்டையான தகடா?

இல்லை. 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத் தகடு, ரேடாருக்கு நேர்முகமாக இருக்கும்போது 77 ஜிகாஹெர்ட்ஸில் மிக வலுவாக எதிரொலிக்கும். ஆனால் ஏறத்தாழ ஒரு டிகிரி திரும்பினாலே அந்த எதிரொலி வேறு திசைக்குப் போய்விடும். நகர்ந்துகொண்டே இருக்கும் வானூர்திக்கு அது பயன்படாது.

அதனால் ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று தகடுகளைச் சேர்த்த மூலைப் பிரதிபலிப்பான் பயன்படுகிறது. உள்ளே நுழையும் கதிர் மூன்று முகங்களிலும் பட்டபின், எந்தத் திசையிலிருந்து வந்ததோ அதே திசைக்குத் திரும்புகிறது. இரவில் வாகன விளக்கின் ஒளியை ஓட்டுநரின் கண்ணுக்கே திருப்பித் தரும் சாலைப் பொட்டுகள் செய்வதும் இதைத்தான். முக்கோண முகங்களைக் கொண்ட மூலையின் வலு, அதன் மைய அச்சிலிருந்து எல்லாப் பக்கமும் 20 டிகிரி அளவு விலகும் வரை பாதிக்கு மேல் நிலைத்திருக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. முகங்களுக்கு இடையிலான கோணம் சரியாக 90 டிகிரியாக இருக்க வேண்டும். 77 ஜிகாஹெர்ட்ஸில் 10 சென்டிமீட்டர் மூலை ஒன்றில் ஒரு டிகிரி பிழை இருந்தால், தகட்டின் விளிம்பு ஏறத்தாழ அரை அலைநீளம் விலகிவிடும். எதிரொலி பெரிதும் நலிந்துபோக அதுவே போதும். மூலை பெரிதாகப் பெரிதாக இந்தப் பிழைக்குச் சகிப்பு குறைகிறது. கையால் மடித்த தகரத்தில் செய்த பெரிய மூலையைவிட, இயந்திரத்தில் துல்லியமாகக் கடைந்த சிறிய மூலை நன்றாக வேலை செய்வதற்கு இதுவே காரணம்.

எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

முக்கோண மூலையின் ரேடார் குறுக்குவெட்டுப் பரப்பு, அதாவது ரேடாருக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற அளவு, அதன் உள்விளிம்பு நீளத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்திலும் அலைநீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், 10 சென்டிமீட்டர் விளிம்புள்ள மூலை 10 ஜிகாஹெர்ட்ஸில் அரைச் சதுர மீட்டருக்கும் சற்றுக் குறைவாகத் தெரியும்; 24 ஜிகாஹெர்ட்ஸில் சுமார் 2.7 சதுர மீட்டர். 77 ஜிகாஹெர்ட்ஸில் சுமார் 28 சதுர மீட்டர். அதாவது, உள்ளங்கையில் அடங்கும் பொருள் ஒரு காருக்கு இணையாக ரேடாருக்குத் தெரிகிறது. செயற்கைக்கோள் ரேடார்களைச் சரிபார்ப்பதற்காகக் கலிபோர்னியாவின் ரோசமண்ட் வறண்ட ஏரியில் நிறுத்தப்பட்டுள்ள மூலைகளில் பல 2.4 மீட்டர் விளிம்புள்ளவையாக இருப்பதற்குக் காரணம், அங்கே பயன்படும் அலைநீளம் 24 சென்டிமீட்டரை ஒட்டியது என்பதே.

விளிம்பை இரட்டித்தால் வலு 16 மடங்காகும். எதிரொலியின் ஆற்றலோ தூரத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று நேராக ஈடுசெய்கின்றன: இரு மடங்கு தூரத்தில் தெரிய வேண்டுமானால் இரு மடங்கு விளிம்புள்ள மூலை வேண்டும்.

ரேடார் தூரத்தை அளக்கிறது சரி. அதிலிருந்து இருப்பிடம் எப்படிக் கிடைக்கிறது?

பலரும் கடந்துவிடும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. ரேடார் தூரத்தை அளப்பதில் வல்லது; கோணத்தை அளப்பதில் அவ்வளவு வல்லதன்று. 1 ஜிகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அலைப்பட்டையைப் பயன்படுத்தினால் இரு பொருள்களைத் தூரத்தில் பிரித்தறியும் திறன் 15 சென்டிமீட்டர். வலுவான தனி எதிரொலியின் உச்சியை அதைவிடப் பல மடங்கு நுட்பமாகக் குறிக்க முடியும். ஆனால் 10 சென்டிமீட்டர் அகலமுள்ள ஆண்டெனாவின் கதிர் அகலம் 77 ஜிகாஹெர்ட்ஸில் இரண்டு டிகிரிக்குச் சற்று மேல். 100 மீட்டர் தூரத்தில் அது ஏறத்தாழ 4 மீட்டராக விரிகிறது. ஆகவே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பிரதிபலிப்பான்களின் தூரங்களைச் சேர்த்து இருப்பிடத்தைக் கணிப்பதே நல்ல வழி.

ஆனால் அந்தக் கணிப்பின் தரம் வானூர்தி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறுகிறது. தள மையத்திலிருந்து 15 மீட்டர் தள்ளிப் பிரதிபலிப்பான்கள் வட்டமாக வைக்கப்பட்டுள்ளன என்று கொள்வோம். வானூர்தி மையத்துக்கு நேர் மேலே 100 மீட்டர் உயரத்தில் இருக்கும்போது பக்கவாட்டில் 10 சென்டிமீட்டர் நகர்ந்தால், ஒரு பிரதிபலிப்பானுக்கான தூரம் ஒன்றரை சென்டிமீட்டர்தான் மாறும். 30 மீட்டரில் அதே நகர்வுக்கு நாலரை சென்டிமீட்டர் மாறும். 10 மீட்டரில் எட்டு சென்டிமீட்டருக்கு மேல். இறங்க இறங்கப் பக்கவாட்டுத் துல்லியம் தானாகவே கூடுகிறது. தேவையும் அப்போதுதான் கூடுகிறது என்பதால் இது நமக்குச் சாதகமான இயல்பு.

உயரத்துக்கோ நேர்மாறான நிலை. 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர் இறங்கினால் தூரமும் ஏறத்தாழ அதே அளவு குறையும். 2 மீட்டர் உயரத்தில் அதே 10 சென்டிமீட்டர் இறக்கம், தூரத்தில் ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவுக்குத்தான் தெரியும். கால்கள் தரையைத் தொடவிருக்கும் நேரத்தில் உயரக் கணிப்பு நலிந்துபோகிறது. ஆகவே கீழ்நோக்கிய உயரமானி ஒன்றை இந்த முறையோடு சேர்க்காமல் விடுவது, என் பார்வையில், வடிவமைப்புக் குறையே. முடுக்கமானி, சுழல்மானி ஆகியவற்றின் அளவீடுகளையும், பல அளவீடுகளைச் சேர்த்து ஒரே மதிப்பீடாக்கும் கணக்கு முறையான கால்மன் வடிகட்டி வழியே இதனுடன் இணைப்பது வழக்கம். அவை ஒரு பிரதிபலிப்பான் சிறிது நேரம் மறைந்தாலும் கணிப்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்கின்றன.

பிரதிபலிப்பான்கள் எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும்?

மூலையின் ஒரு முகத்தைத் தரையோடு கிடையாக வைத்தால் அதன் மைய அச்சு தரையிலிருந்து 35 டிகிரி மேல்நோக்கி இருக்கும். இரு பக்கமும் 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால் அது 15 முதல் 55 டிகிரி ஏறுகோணம் வரை நன்றாகத் தெரியும். மேற்சொன்ன 15 மீட்டர் வட்டத்தில், தளத்தை நோக்கித் திரும்பியிருக்கும் இப்படிப்பட்ட மூலையை, மையத்துக்கு மேலே செங்குத்தாக இறங்கும் வானூர்தி ஏறத்தாழ 21 மீட்டர் உயரத்திலிருந்து 4 மீட்டர் உயரம் வரைதான் வலுவாகக் காணும். அதற்கு மேலே இருக்கும்போது இன்னும் நிமிர்ந்து பார்க்கும் மூலை வேண்டும். 4 மீட்டருக்குக் கீழேயும், தொலைவிலிருந்து சரிந்த பாதையில் நெருங்கும்போதும், ஏறுகோணம் சில டிகிரிகளாகக் குறைந்துவிடுவதால் முன்பக்கம் சாய்த்து வைத்த மூலை வேண்டும்.

எனவே ஒரே இடத்தில் இரண்டு மூன்று மூலைகளை வெவ்வேறு சாய்வில் சேர்த்து வைக்கும் கொத்துகளே நடைமுறையில் பொருந்தும். ஆனால் ஒரு கொத்தில் உள்ள இரு மூலைகள் ஒரே நேரத்தில் ரேடாருக்குத் தெரிந்தால், அவற்றின் எதிரொலிகள் ஒன்றோடொன்று கலந்து சில கோணங்களில் வலுத்தும் சிலவற்றில் அழிந்தும் போகும். கொத்திலுள்ள மூலைகளின் பார்வைக் கோணங்கள் ஓரங்களில் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அடுக்குவது இதைக் குறைக்கிறது. தரையில் பட்டுத் திரும்பும் கதிரும் நேர்க்கதிரோடு கலந்து இதே போன்ற ஏற்ற இறக்கத்தை உண்டாக்குகிறது. அலைநீளம் மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் அந்த இறக்கங்கள் மிக நெருக்கமாக அமைகின்றன; வானூர்தி அவற்றை நொடிப்பொழுதில் கடந்துவிடும். ஆனாலும் ஒரே கொத்தின் எதிரொலி சட்டென்று மறைந்ததும் பதறாத மென்பொருள் வேண்டும்.

சுற்றிலும் இரும்புப் பொருள்கள் இருக்கின்றனவே, குழப்பம் வராதா?

வரும். இந்த முறையின் பலவீனமே அதுதான். கைப்பிடிச் சுவரும் தரையும் குளிரூட்டிப் பெட்டியும் சந்திக்கும் இடம், யாரும் திட்டமிடாமலேயே அமைந்த ஒரு மூலைப் பிரதிபலிப்பான். நிறுத்தப்பட்ட வண்டி, தகரக் கூரையின் மடிப்பு, மழைநீர்க் குழாயின் தாங்கி எல்லாமே எதிரொலிக்கும். நாம் வைத்த உலோக மூலைக்குத் தான் யார் என்று சொல்லத் தெரியாது.

இதைச் சமாளிக்க முதல் வழி, வடிவ ஒழுங்கு. ஐந்து பிரதிபலிப்பான்களைச் சமமற்ற இடைவெளிகளில் வைத்தால், அந்த ஐந்து தூரங்களின் சேர்க்கை தற்செயலாக வேறெங்கும் அமைவது அரிது. சதுரத்தின் நான்கு மூலைகளில் மட்டும் வைத்துவிட்டால், வானூர்தி 90 டிகிரி திரும்பியிருப்பதையும் திரும்பாமல் இருப்பதையும் வேறுபடுத்த முடியாது. ஐந்தாவதாக ஒன்றை ஒழுங்கு குலையும்படி வைப்பது இதற்காகவும்தான்.

இரண்டாவது வழி, அலையின் தளவிளைவை, அதாவது அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதைப் பயன்படுத்துவது. இரண்டு தகடுகள் மட்டும் சேர்ந்த இருமுகப் பிரதிபலிப்பானை 45 டிகிரி சாய்த்து வைத்தால், கிடையாக அதிரும் அலையை அது செங்குத்தாக அதிரும் அலையாக மாற்றித் திருப்பும். பெரும்பாலான தற்செயல் எதிரொலிகள் அப்படிச் செய்வதில்லை. குறுக்குத் தளவிளைவை மட்டும் கேட்கும் ஆண்டெனாவுக்கு நாம் வைத்தவை தனித்துத் தெரியும். ஆனால் இருமுகம், மும்முக மூலையைப் போல எல்லாப் பக்கமும் தாராளமாகத் திருப்பி அனுப்பாது; ஓர் அச்சில் அதன் பார்வை மிகவும் குறுகியது. இதற்கு மாற்றாக, 1959இல் காப்புரிமை பெற்ற வான் அட்டா அணிவரிசையைப் பயன்படுத்தலாம். ஆண்டெனாக்களை மையத்துக்குச் சமதொலைவில் இணை இணையாகச் சம நீளக் கம்பிகளால் பிணைத்து, வந்த அலையை வந்த திசைக்கே திருப்பும் தட்டையான அமைப்பு அது. அச்சிட்ட மின்பலகையிலேயே செய்யலாம், தளவிளைவையும் விரும்பியபடி மாற்றி அனுப்பச் செய்யலாம்.

மூன்றாவது வழி, பிரதிபலிப்பானைக் குறிப்பிட்ட வேகத்தில் மாறி மாறி இயக்கி அணைப்பது. அப்போது அசையாமல் நிற்கும் பொருளும் டாப்ளர் விலகலுடன், அதாவது நகரும் பொருளின் எதிரொலியில் காணும் அதிர்வெண் மாற்றத்துடன் தெரியும். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வேகம் கொடுத்தால் ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொன்னதாகிவிடும். ஆனால் அதற்கு மின்சாரமும் சுற்றும் வேண்டும். தரையில் பழுதடைய எதுவும் இல்லை என்ற பெருமை அத்தோடு போய்விடும். ஒழுங்கு குலைந்த வடிவத்தையும் தளவிளைவையும் முதலில் முயன்று பார்த்துவிட்டு, அவை போதாத இடத்தில் மட்டும் இதற்குப் போவதே சரி என்று நினைக்கிறேன்.

மழையில் என்ன ஆகும்?

மணிக்கு 25 மில்லிமீட்டர் வீதம் பெய்யும் கனமழை, 77 ஜிகாஹெர்ட்ஸ் அலையைக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 10 டெசிபல் நலியச் செய்கிறது. 300 மீட்டர் தொலைவிலுள்ள பிரதிபலிப்பானுக்குப் போய்வர 600 மீட்டர் என்பதால் இழப்பு சுமார் 6 டெசிபல். எதிரொலி நான்கில் ஒரு பங்காகும். கடைசி நூறு மீட்டருக்கு இது பெரிய தடையன்று. ரேடாரின் முகப்பு உறையில் படியும் நீர்ப்படலம் இதைவிடத் தொல்லை தரக்கூடும்.

மழை எதிரொலியை அடக்க, அதிரும் திசை சுழன்றுகொண்டே வரும் வட்டத் தளவிளைவைப் பயன்படுத்தும் பழக்கம் ரேடார் துறையில் உண்டு. உருண்டையான துளியில் ஒருமுறை பட்டுத் திரும்பும்போது வட்டச் சுழற்சியின் திசை மாறிவிடும். அந்த மாறிய திசையைப் பெறாமல் விட்டால் மழை மறைந்துவிடும். ஆனால் மும்முக மூலையில் மூன்று முறை பட்டுத் திரும்பும் அலைக்கும் சுழற்சி மாறுகிறது. எனவே மழையை மறைக்கும் ரேடார் நமது மூலைகளையும் சேர்த்தே மறைத்துவிடும். அப்படிப்பட்ட ரேடாருக்கு இருமுகமோ வான் அட்டா அணிவரிசையோதான் பொருந்தும்.

மேல்நோக்கிய மூலை ஒரு கிண்ணம் போலத் தண்ணீரைத் தேக்கிவைக்கும். தேங்கிய நீர் முகங்களின் வடிவையே மாற்றிவிடும். அடியில் வடிகால் துளை இடுவதும், அலையைத் தடுக்காத பிளாஸ்டிக் உறையால் மூடுவதும் அவசியம். இலை, சேறு, பறவைக் கூடு ஆகியவற்றுக்கும் அதே உறைதான் தீர்வு.

தளத்தைச் சுற்றி எங்கு வேண்டுமானாலும் வைக்கலாமா?

கூடாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஹெலிகாப்டர் தள விதிகளின்படி, பாதுகாப்புப் பரப்பில் இருந்தே தீர வேண்டிய பொருள்கள் மையத்துக்கு அருகில் 5 சென்டிமீட்டர் உயரத்தையும், சற்று வெளியே 25 சென்டிமீட்டரில் தொடங்கி மெல்லச் சரிந்து உயரும் எல்லையையும் தாண்டக் கூடாது. மோதினால் எளிதில் உடைந்து விலகும் தாங்கியும் வேண்டும். அதே தாங்கி சுழலிக் காற்றில் அசையக் கூடாது; ஏனெனில் அது அசைந்தால் வானூர்தியின் கணக்கும் அசையும். உயரம் இப்படிக் கட்டுப்பட்டிருப்பது, மில்லிமீட்டர் அலைகளையும் சிறிய மூலைகளையும் தேர்ந்தெடுப்பதற்கு இன்னொரு காரணமாகிறது.

இது புதிய யோசனையா?

இல்லை. கடலிலுள்ள எண்ணெய்க் கிணற்று மேடைகளுக்குச் செல்லும் ஹெலிகாப்டர்கள் தம் வானிலை ரேடாரைக் கொண்டே மேடையைக் கண்டு நெருங்கும் முறை பல பத்தாண்டுகளாக நடைமுறையில் உள்ளது. அங்கே இரும்பு மேடையே பிரதிபலிப்பான்; சுற்றியுள்ள கடலில் போட்டி எதிரொலிகள் குறைவு. ஐரோப்பிய விதிகளின்படி அந்த முறையில் குறைந்தது 0.75 கடல் மைல் தொலைவிலேயே தொடர்வதா திரும்புவதா என்று முடிவெடுக்க வேண்டும். அதற்குப் பிறகு விமானி கண்ணால் பார்த்தே இறங்குகிறார். நிலத்தில் இதைச் செய்ய முற்பட்டபோதுதான் தற்செயல் எதிரொலிகளின் சிக்கல் எழுந்தது.

ரேடாரைத் தரையில் வைத்துவிட்டால்?

அதுவும் நடந்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் ஃபயர் ஸ்கவுட் ஆளில்லா ஹெலிகாப்டர் 2006 ஜனவரியில் யுஎஸ்எஸ் நாஷ்வில் கப்பலில் தானாகவே இறங்கியது. அந்த ஹெலிகாப்டருக்கான தானியங்கி இறக்க முறையில், தளத்திலுள்ள மில்லிமீட்டர் அலை ரேடார், வானூர்தியிலிருந்து பதில் சைகை அனுப்பும் கருவியான பதிலியைப் பின்தொடர்ந்து, விலகலைக் கணித்து வானொலி வழியே அனுப்பியது. ஆடும் கப்பலுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு தளத்திலும் ரேடாரையும் அதைப் பராமரிக்கும் ஆளையும் வைக்க வேண்டும். தரவு இணைப்பு அறுந்தால் வழிகாட்டலும் அறும். பல சிறிய தளங்கள் என்றால் பிரதிபலிப்பான் வழியே மலிவு.

யாராவது போலிப் பிரதிபலிப்பானை வைத்து ஏமாற்ற முடியாதா?

முடியும். தகடு வாங்கத் தெரிந்த எவரும் செய்யக்கூடியது அது. ஆனால் ஒன்றிரண்டு போலிகள் வரைபடத்தோடு பொருந்தாமல் தனித்துத் தெரியும். முழு வடிவத்தையும் வேறோர் இடத்தில் நகலெடுத்தால், செயற்கைக்கோள் காட்டும் இடத்துக்கும் ரேடார் காட்டும் இடத்துக்கும் உள்ள முரண் வெளிப்படும். முரண் ஒரு வரம்பைத் தாண்டினால் இறங்காமல் மேலேறிச் செல்வது என்ற கட்டளை கணினியில் முன்பே இருக்க வேண்டும்.

கார்களில் வரும் 77 ஜிகாஹெர்ட்ஸ் ரேடாரை வாங்கி நாமே டிரோனில் சோதிக்கலாமா?

தொழில்நுட்பரீதியாக முடியும்; சட்டம் வேறு விஷயம். அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி, 76 முதல் 81 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலான ரேடார் சேவையைப் பறக்கும் வானூர்தியில் இயக்கத் தடை விதித்துள்ளது. விமானத்தில் பொருத்தியிருந்தாலும் அது தரையில் இருக்கும்போது மட்டுமே இயங்க வேண்டும். காருக்கு உரிமம் தேவையில்லை என்பதால் டிரோனுக்கும் தேவையில்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்தியாவில் சோதிப்பவர்கள், தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள கம்பியில்லாத் தொடர்புத் திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அனுமதி கிடைக்கும் வரை தரையிலேயே செய்யக்கூடிய வேலை நிறைய உண்டு. ரேடாரை உயரமான முக்காலியில் வைத்து, ஒவ்வொரு மூலையையும் இரண்டு டிகிரி இடைவெளியில் திருப்பி எதிரொலியை அளந்து வரைபடம் போடலாம். காலியான மொட்டை மாடியின் தற்செயல் எதிரொலிகளைப் பிரதிபலிப்பான் வைப்பதற்கு முன்னும் பின்னும் பதிவு செய்யலாம். மூலைக்குள் தண்ணீர் ஊற்றி வலு எவ்வளவு குறைகிறது என்று பார்க்கலாம். பறக்கும்போது எழும் சிக்கல்களில் பாதி, அதிர்வையும் சுழலிகள் உண்டாக்கும் டாப்ளர் இரைச்சலையும் தவிர்த்துப் பார்த்தால், இந்த முக்காலிச் சோதனையிலேயே வெளிப்பட்டுவிடும்.